ஊசி குத்தினால் யார் பொறுப்பு?

பிள்ளைக்கு ஊசி ஏற்றும்போது, ஏற்றுகின்ற தாதியின் விரல்களை நீங்கள் எப்போதாவது கவனித்ததுண்டா? நமது கண்ணெல்லாம் அழுகின்ற பிள்ளையின் மீதுதான். பிள்ளை கையை உதறிவிட்டால், அதே ஊசி தாதியின் விரலில் ஏறிவிடும்.

அந்த இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பீ கிருமி இருந்து, தாதி தடுப்பூசி பெறாதவராகவும் இருந்தால், அது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமிக்கோ இது ஆயிரத்துக்கு 3 அளவுதான். ஆனாலும் எல்லோரும் அஞ்சுவது எயிட்ஸுக்கே!

அமெரிக்காவில் இதற்கெனச் சட்டமே இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உருவான 'ஓஷா' என்னும் மத்திய நிறுவனம், 1991 டிசம்பரில் இரத்தத்தால் பரவும் கிருமிகள் பற்றிய விதிகளை வெளியிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே இது என எண்ணிவிடாதீர்கள். ஒரு பல் வைத்தியரும் அவரிடம் சம்பளம் வாங்கும் ஒரேயோர் உதவியாளரும் உள்ள சின்ன அறைக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

இரத்தத்தோடு பழகும் வேலைக்கு ஒருவர் சேர்ந்தால், 10 வேலை நாட்களுக்குள் ஹெபடைட்டிஸ் பீ தடுப்பூசியை இலவசமாகக் கொடுக்க முன்வர வேண்டும். மறுப்பவர் கையொப்பமிட்டு மறுக்கலாம். பின்னர் மனம் மாறிக் கேட்டாலும் கொடுத்தேயாக வேண்டும். பாவித்த ஊசிக்கு இரு கைகளாலும் மூடி போடக் கூடாது. குத்தித் துளைக்க முடியாத பெட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரத்த மாதிரிகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் பகல் சாப்பாட்டை வைப்பதும் குற்றம். (இதற்கும் ஒரு சட்டமா என்று சிரிக்காதீர்கள், சாப்பாட்டை வைத்தவர்கள் இருந்திருப்பார்கள் போலும்!)

குடும்பப் பெண்களுக்கு ஒரு சேதி: இரத்தம் தெறிக்காமலிருக்க அணியும் பாதுகாப்பு மேலங்கியை ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கக் கூடாது. துவைக்கும் செலவும் பொறுப்பும் தொழில்தருநருடையது. பிள்ளைகளின் சட்டையோடு அது ஒரே வாளியில் ஊறுவதை எண்ணிப் பாருங்கள்.

மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. சுமார் 20 மாநிலங்கள் தாமே தொழிற் பாதுகாப்பை மேற்பார்வை செய்கின்றன. அவற்றின் விதிகள் மத்திய விதிகளுக்குக் குறையாதவையாக இருக்க வேண்டும், கூடலாம். குத்தாதபடி முனை தானே மறைந்துகொள்ளும் பாதுகாப்பு ஊசிகளை 1998இல் முதலில் சட்டமாக்கியது கலிபோர்னியாதான். மத்திய அரசு 2000 நவம்பரில்தான் பின்தொடர்ந்தது. எந்த ஊசி நல்லது என்று அதைக் கையில் பிடிக்கும் ஊழியரிடமே கேட்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆயினும் சட்டம் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. குத்துப்பட்டவர் வெட்கத்தாலோ, வேலை போய்விடுமென்ற பயத்தாலோ விரலைக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. உடனே சொன்னால் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அவரது இரத்த முடிவை முதலாளி கேட்டறிய முடியாது. நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்க அவர் சம்மதம் தேவையா என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் தீர்மானிக்கும்.

அந்த மருத்துவப் பதிவேட்டை, அவர் வேலையிலிருக்கும் காலமும் அதற்குப் பின் 30 வருடங்களும் பத்திரப்படுத்த வேண்டும். இருபது முப்பது வருடம் கழித்தும் ஈரலைக் கெடுக்கக்கூடிய நோயல்லவா அது!