மருத்துவர் நிர்வாகம் பயிலச் செல்வது ஏன்?

“இத்தனை ஆண்டுகள் எங்களைப் பார்த்த டாக்டர் நிர்வாகப் பயிற்சிக்குச் செல்கிறாரே, இனி எங்களுக்கு யார்?” என்று குடும்பத்தினர் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கவலைதான்.

புறநோயாளர் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே என்னால் மருத்துவம் பார்க்க இயலும். ஆய்வக முடிவு தாமதமாவதும் மருந்து மாறிப்போவதும் நடைமுறைகளைச் சீரமைத்தால்தான் தீரும். அதைக் கற்பிப்பவையே நிர்வாக ஃபெல்லோஷிப்புகள். இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, இளம் மருத்துவர்கள் ஓராண்டு சிகிச்சைப் பணியிலிருந்து விலகி, சுகாதார அமைப்புகளில் தலைமைப் பணி பயில்கின்றனர்.

நடைமுறை சீரானால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சங்கள் கொண்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புது தில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றி ஆராய்ந்தபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்குச் சேர்க்கப்படவில்லை.

உங்கள் மருத்துவர் விடைபெறுமுன் சிகிச்சைச் சுருக்கத்தையும், அடுத்துப் பார்க்கவிருக்கும் மருத்துவரின் பெயரையும் கேட்டுப் பெறுங்கள். இங்கு நீங்கள் கண்ட குறைகளையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் பயிலச் செல்வது அவற்றைக் களையத்தான்.