மூணாறு தேயிலை திசை மாறிய கதை

மூணாறில் பறித்த தேயிலை ஒரு காலத்தில் கிழக்கே போடிநாயக்கனூருக்குத்தான் இறங்கி வந்தது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908-இல் அந்த வழியில் நீராவி ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனில் பெட்டிகள் ரோப்வே கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடி சேர்ந்தன.

1924 ஜூலை வெள்ளம் பாதையை அள்ளிக்கொண்டு போயிற்று. தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. வலையில் ஒரு கண்ணி அறுந்தால் பாரம் அடுத்த கண்ணிக்குத் தாவும். 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறந்தது. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. சரக்கு மேற்கே திரும்பிவிட்டது. மூணாறின் பழைய ரயில் நிலையம் இப்போது தேயிலைக் கம்பெனி அலுவலகம்.

ஆட்கள் விஷயம் வேறு. கங்காணி தன் ஊரில், தன் உறவில் ஆள் பிடித்தார். முதலில் வந்தவரை நம்பி மச்சான் வந்தார், மச்சானை நம்பி பங்காளி வந்தார். ஆள் மிகுந்த ஊரிலிருந்தே மேலும் ஆள் சேர்ந்தது. வலைப்பின்னல்கள் பலவும் இப்படித்தான் பெருக்கின்றன என்று பராபாசி, ஆல்பர்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் 1999-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கங்காணிக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை!

1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தில் நின்றது. உறவுக் கண்ணி மட்டும் அறுபடவில்லை. கல்யாணம், கருமாதி என்றால் லயன் வீடுகளிலிருந்து இன்றும் பலர் போடிமெட்டு வழியாகவே பஸ்ஸில் இறங்குகிறார்கள். அகலப்பாதைக்காக 2010-இல் நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்பிவிட்டது. போடியில் இறங்கினால் மதுரைக்கு ரயில் இருக்கிறது.