பெப்டைடு ஊசி காயத்தை ஆற்றுமா?

தசைநார் கிழிந்தவர்களும் மூட்டு வலிக்காரர்களும் 'பெப்டைடு ஊசி' பற்றி இப்போது அடிக்கடி விசாரிக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் பழக்கமாகிவிட்டது. நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். படித்துத் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

நம் உடலின் புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். பெட்டிகளை இணைத்து ரயில் வண்டி அமைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வண்டி புரதம். சில பெட்டிகளே கொண்ட குட்டி வண்டி பெப்டைடு. உடலுக்குள் செய்தி கொண்டு செல்வது இவற்றில் பலவற்றின் வேலை. சர்க்கரை நோய்க்கான இன்சுலின், 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். எலும்பு மெலிவு நோய்க்குத் தரப்படும் டெரிபாரடைடில் 34 உண்டு. அதற்கு 2002-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. எனவே பெப்டைடு என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் காயத்துக்கென்று அதிகம் பேசப்படுவது பி.பி.சி.-157. மனித இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் பகுதியை ஒட்டி, 15 அமினோ அமிலங்களால் செயற்கையாகச் செய்யப்பட்டது. குரோஷிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார்கள். தசைநாண்களில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே காயம் மெதுவாகவே ஆறும். இந்தப் பெப்டைடு புதிய ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டி, எலிகளின் காயத்தை விரைவில் ஆற்றியதாக ஆய்வுகள் கூறுகின்றன.

சிக்கல் இங்கேதான். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகச் சில, அவையும் சிறியவை. ரத்தக் குழாய்களை வளர்க்கும் மருந்து, உடலில் மறைந்திருக்கும் புற்றுக்கட்டிக்கும் தீனி போடுமோ என்ற ஐயம் தீரவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-ல் இதைத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆகவே போட்டிகளில் ஆடும் பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டால் விளையாட்டு வாழ்க்கையே பாழாகலாம். விற்கப்படும் குப்பிகள் பலவற்றில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். மனிதருக்கான மருந்தாக அதை விற்கவில்லை என்பதே அதன் பொருள்.

புதிய பாதை போட்டு முடித்ததும் பயணிகள் வண்டியை விட்டுவிடுவதில்லை. பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து, சோதனை ஓட்டம் நடத்தி, அனுமதி தந்த பிறகே விடுவார்கள். இன்சுலின் அப்படி அனுமதி பெற்ற பாதை. பி.பி.சி.-157 இன்னும் சோதனை முடியாத பாதை.

அடிபட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் சொல்லும் ஓய்வு, பிசியோதெரபி இரண்டையும் பாதியில் விடாதீர்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவு தேவை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். புகை பிடித்தால் காயம் ஆறத் தாமதமாகும். யாராவது பெப்டைடு ஊசி போடச் சொன்னால், மருந்தின் பெயரையும் அது இந்தியாவில் அனுமதி பெற்றதா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.