முட்டைக் கோழிகளின் தீவனமும் கொட்டகையின் நெடியும்

நாமக்கல் ஜில்லாவில் முட்டைக் கோழிகளைக் கூண்டிலிட்டு வளர்ப்போர், உயர்ந்த கொட்டகைகளின் அடியில் எச்சத்தைப் பல மாதம் தேங்கவிட்டுப் பின்பு வயல்களுக்கு எருவாக விற்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தில் இக்கொட்டகைகளுள் நுழைவோருக்குக் கண் எரிகிறது. மூக்கில் நெடி ஏறுகிறது. எச்சத்தினின்றும் எழும் அம்மோனியா வாயுவே இதற்குக் காரணம். அன்றாடம் அங்கே வேலை செய்பவரின் மூக்கு பழகிவிடுவதால், நெடியில்லையென்று அவர் சொல்வதை நம்பிவிடலாகாது.

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்கிறது. அத்தீவனத்தில் 100க்கு 17 பங்கு புரதமாயின், உட்செல்லும் நைட்ரஜன் சுமார் 3 கிராம். முட்டையொன்றில் அடங்குவதோ ஏறக்குறைய 1 கிராமே. எஞ்சியது பெரும்பாலும் எச்சத்தில் கழிகிறது. 10,000 கோழிகள் உடையவர் கணக்கிட்டால், நாள்தோறும் சுமார் 20 கிலோ நைட்ரஜன், அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள அளவு தழைச்சத்து, கொட்டகையின் அடியில் விழுவதை அறிவார். காற்றில் பறந்துபோவது அவர் விலைகொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் சத்தேயாம்.

நஷ்டம் எருவோடு நிற்பதில்லை. பத்து லட்சம் பங்கு காற்றில் அம்மோனியா 25 பங்குக்கு மேற்படலாகாதென்பது பொது விதி. 20 பங்கு இருந்த காற்றில் வளர்ந்த கோழிகளை ராணிக்கேட் நோய் எளிதில் தொற்றுவதாக 1964-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

எச்சத்தின் வெண்பகுதி யூரிக் அமிலமாகும். ஈரமும் வெப்பமும் காரத்தன்மையும் கூடினால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. ஆகவே யூரிக் அமிலத்தைக் குறைத்தலும், எச்சத்தின் காரத்தைத் தணித்தலுமே தீவனத்தின் வழியாகச் செய்யத்தக்கவை.

சோயாப் பிண்ணாக்கு மிகுதியாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் மெதியோனின், லைஸின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களின் தேவைக்காகவே. இவற்றைத் தனியே வாங்கிக் கலப்பின் பிண்ணாக்கைக் குறைக்கலாம். கையளவாலும் ஊகத்தாலும் இதைச் செய்யப் புகுந்தால் முட்டை சிறுத்துவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைச் சாலையில் மாதிரியைச் சோதித்த பின்னரே கலவையை மாற்றுதல் வேண்டும்.

தவிடு முதலிய நார்ப் பொருள்களின் பயன் பலரும் அறியாதது. நார் கோழியின் பின்குடலில் புளித்து அமிலங்களை உண்டாக்குகிறது. நைட்ரஜனில் ஒரு பகுதி யூரிக் அமிலமாகாமல் அங்குள்ள பாக்டீரியாக்களின் உடலில் தங்கிவிடுகிறது. ஐயோவா மாகாணச் சர்வகலாசாலையார் 2007-இல் வெளியிட்ட பரிசோதனையில், கோதுமைத் தவிட்டு வகையை 100க்கு 7.3 பங்கு சேர்த்தபோது எச்சத்தின் அம்மோனியா கணிசமாகக் குறைந்தது, முட்டையிடுதல் குறையவில்லை. தவிடு சேர்ப்பதால் குறையும் எரிசத்தை எண்ணெயால் ஈடுசெய்தல் அவசியம்.

சுண்ணாம்புக் கல்லில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஜிப்ஸம் கொடுத்தாலும் எச்சத்தின் காரம் தணிகிறது. ஆனால் ஜிப்ஸத்தின் கந்தகம் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைட் வாயுவை மிகுவிப்பதால், காற்றோட்டமற்ற கொட்டகையில் இது தகாது. ஓட்டின் உறுதிக்குக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லுமே பிரதானமாயிருத்தல் வேண்டும். யூக்கா செடியின் சத்து, சியோலைட் கனிமம் ஆகியனவும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றின் பலன் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், விளம்பரத்தை நம்பி வாங்கலாகாது.

ஒழுகும் தண்ணீர்க் குழாயையும் தீவனத்தில் மிஞ்சிய உப்பையும் கவனியாதவருக்கு எந்தச் சேர்மானமும் கைகொடாது. நெடியையும் ஈயையும் பற்றி முறையீடு வரும்போது கிராம உத்தியோகஸ்தர்கள் முதலில் நோக்கத்தக்கது எச்சக் குவியலின் ஈரமே.

புதுக் கலவையை ஒரு கொட்டகையில் மாத்திரம் ஆறு வாரம் கொடுத்து, முட்டை எண்ணிக்கை, எடை, உடைந்த ஓடு ஆகியவற்றைப் பழைய கலவை தின்னும் கொட்டகையுடன் ஒப்பிட்டு எழுதிவருக. அம்மோனியாவை நிறம் மாறும் சோதனைத் தாளால், கோழியின் தலை மட்டத்தில், கொட்டகையைத் திறந்தவுடன் காலையில் அளக்க வேண்டும்.