கதகளி மாணவனின் முதற்பாடம்

நடிப்புக் கற்க வருகிறவன் முதலில் மனத்தில் உணர்ச்சியை எழுப்பிக்கொள்ள வேண்டும், முகம் தானாக அதன் பின்னே வரும் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கேரளத்துக் கதகளி ஆசான்கள் இதற்கு உடன்படுவதில்லை. மகாகவி வள்ளத்தோளின் பெருமுயற்சியால் 1930-இல் தோன்றி, பின்னர் பாரதப்புழைக் கரையில் செருத்துருத்தியில் நிலைபெற்ற கேரள கலாமண்டலத்தில், புதிதாகச் சேர்ந்த சிறுவனிடம் சோகத்தையும் கோபத்தையும் பற்றி ஆசான் பேசத் தொடங்குவதில்லை; அவனுடைய சரீரத்தையே முதலில் தம் வசத்தில் எடுத்துக்கொள்கிறார்.

விடியுமுன் எழுந்த மாணவன், கண்ணில் நெய் தடவிக்கொண்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இமைகளை விரித்துப் பிடித்தபடி, கருவிழியை மேலும் கீழும், பக்கவாட்டிலும், மூலைக்கு மூலையும், பிறகு வட்டமாகவும், மந்தகதியில் ஆரம்பித்துப் படிப்படியாக வேகத்தைக் கூட்டிச் சுழற்றுகிறான். தலை இம்மியும் அசையலாகாது. கண்ணீர் தாரையாக வழியும். அதை ஆசான் பொருட்படுத்துவதில்லை.

கண்ணுக்கு ஏன் இத்தனை தண்டனை என்று கேட்கலாம். கதகளியில் பச்சை, கத்தி முதலிய வேஷக்காரர்கள் பாட்டையும் வசனத்தையும் பின்னால் நிற்கும் பாடகரிடம் ஒப்புவித்துவிட்டு, வர்ணப் பூச்சுக்குள்ளும் சுட்டி என்னும் வெண்ணிற விளிம்புக்குள்ளும் முகத்தை அடக்கிக்கொண்டு, ஒற்றைக் குத்துவிளக்கின் வெளிச்சத்தில் ஆடுகிறவர்கள். சுண்டப்பூ விதையை இமைக்குள் இட்டுச் சிவக்கச் செய்த கண்களே அவர்களுக்குப் பேச்சுக்குப் பிரதானத் துணை. ஹஸ்தலக்ஷண தீபிகை என்னும் நூல் கூறும் 24 முத்திரைகளுள் பதாகை ஒன்றைக்கொண்டே சூரியனையும் அரசனையும் யானையையும் காட்ட வேண்டியிருக்க, கை போகும் வழியெல்லாம் கண்ணும் போய் இன்னதென்று தெளிவிக்காவிட்டால், முத்திரை வெறும் விரல் அசைவாகவே நின்றுவிடும்.

மழைக்காலம் வந்தால் உழிச்சில். எண்ணெய் பூசிய மாணவன் முழங்கால்களை வெளிப்புறம் மடக்கிக் குப்புறப் படுத்திருக்க, மேலே கட்டிய கழியைப் பற்றிக்கொண்டு ஆசான் தம் பாதங்களால் அவன் முதுகையும் தொடைகளையும் உழிந்து விடுவார். பாதத்தின் வெளிவிளிம்பில் நின்று முழங்கால்களை அகலத் திறந்தபடி இராமுழுதும் ஆடுவதற்குரிய நெகிழ்ச்சி இவ்வாறுதான் இடுப்பில் ஏறுகிறது. நிலைக்கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரித்துப் பார்த்துவிட்டே நடிகனாகப் பட்டணத்துக்கு ரயிலேறும் நம் இளைஞர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இவ்வளவும் பயின்றவனுக்கு அரங்கேற்றத்தில் பெரும்பாலும் வாய்ப்பது புறப்பாடு. அதுவோ சுத்த நிருத்தம்; அழவோ சினக்கவோ அதில் இடமில்லை. நளன், கீசகன் போன்ற வேஷங்கள் அவன் கைக்கு வர இன்னும் பல வருஷங்கள் ஆகும்.