படத்தை முந்தி வரும் ஆட்டம்

ஹிந்திப் படத்தில் கதை விறுவிறுப்பாக நடந்துகொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ நாற்பது பேர் வந்து சேர்ந்து, கதாநாயகிக்குப் பின்னால் அணிவகுத்து ஆட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். கதையை மட்டும் எடைபோட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் படம் ஓடி ஓய்ந்து, வசனமெல்லாம் மறந்துபோன பிறகும், அந்த ஐந்து நிமிஷ ஆட்டம் மட்டும் தனியே பிரிந்து வந்து, கல்யாண வீட்டிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பம்பாயின் கணபதி ஊர்வலத்திலும் சஞ்சரித்துக்கொண்டே இருக்கிறது என்பதையும், அந்தச் சஞ்சாரத்தில் பெரும் பணம் புரளுகிறது என்பதையும் கவனிக்கிறவர்களுக்கு, ஆடல் பாட்டின் வியாபார மகிமை நன்கு விளங்கும்.

இந்த மகிமைக்குப் பேசும் படத்தின் வயதேதான். 1931-ல் வந்த முதல் ஹிந்திப் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வில் ஏழு பாட்டுகள், மறு வருஷத்து ‘இந்திரசபா’விலோ ஏறக்குறைய எழுபது! பார்ஸி நாடகக் கம்பெனிகளிடமிருந்து வந்த சீதனம் அது. பம்பாயில் எடுத்த படம் பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஹைதராபாத்திலும் விலைபோக வேண்டுமானால், அந்தந்தப் பிராந்தியத்து விநியோகஸ்தர் நம்பி முன்பணம் கொடுக்கும்படியான சரக்கு ஒன்று அதில் இருந்தாக வேண்டும். வசனம் புரியாத ஊரிலும் தாளமும் அபிநயமும் புரியும் என்பதால், நடனமே அந்தச் சரக்காயிற்று. சென்னையில் இருந்துகொண்டே இதை நன்கு உணர்ந்தவர் ஜெமினி எஸ்.எஸ். வாசன். 1948-ல் தமிழிலும் ஹிந்தியிலும் அவர் வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனம் வடநாட்டு ரசிகர்களைப் பிரமிக்க வைத்தது. பின்னர் வைஜயந்திமாலாவும் பத்மினியும் பம்பாய்த் திரையில் பெற்ற பேருக்கும் அவர்களுடைய நாட்டியப் பயிற்சியே பெருந்துணையாயிற்று. 1960-ல் வெளிவந்த ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளைதான். ஆயினும் கண்ணாடி மாளிகையில் அனார்கலி ஆடும் காட்சியை டைரக்டர் கே. ஆஸிஃப் வர்ணத்தில் எடுத்தார் என்பதிலிருந்தே, முதலாளிகளின் பணம் எந்த இடத்தை நாடிப் போயிற்று என்பது தெரியும்.

முதலில் இந்தச் சரக்கை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது காது. அகில இந்திய ரேடியோ 1952-ல் சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்தபோது, கொழும்பிலிருந்து ரேடியோ சிலோன் அவற்றை வாரி வழங்கியது. அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’வுக்காக வாரந்தோறும் ரேடியோப் பெட்டியைச் சூழ்ந்து உட்கார்ந்தவர்கள், கேட்ட பாட்டுக்கு உரிய ஆட்டத்தைக் காணவே தியேட்டருக்குப் போனார்கள். எண்பதுகளில் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ அந்த ஆட்டத்தையும் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடவே, காட்சி தானே தன் விளம்பரமாக மாறிற்று.

1988-ல் வந்த ‘தேஸாப்’ படத்தின் ‘ஏக் தோ தீன்’ பாட்டைச் சற்றுக் கிட்ட இருந்து பார்ப்போம். காதலனுக்காகக் காத்திருக்கும் பெண், ஒன்று முதல் பதின்மூன்று வரை நாட்களை எண்ணுகிறாள். ஹிந்தியில் நாலு வார்த்தை அறியாதவரும் அந்த எண்ணிக்கையைக் கூடவே சொல்லிவிடலாம். லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் மெட்டமைக்க, அல்கா யாக்னிக் பாட, மாதுரி தீட்சித் மேடையில் ஆடுகிறார். மேடைக்குக் கீழே நிற்கும் ஜனத்திரள் ஆரவாரம் செய்ய, திரைக்குள் இருக்கும் அந்தக் கூட்டம், கொட்டகைக்குள் இருக்கும் கூட்டத்துக்கு எங்கே கைதட்ட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நடனம் அமைத்த ஸரோஜ் கான், சிறுவயதில் கூட்டத்தில் ஒருவராக ஆடி, பி. ஸோஹன்லால் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். கை கால் அசைவுக்கு ஈடாக முகபாவத்துக்கும் இடம் கொடுத்ததும், பார்த்தவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் ஆடிப் பார்க்கத்தக்க அசைவைப் பல்லவி வரும்போதெல்லாம் திரும்ப வைத்ததும் அவருடைய கைவண்ணம்.

அப்படி வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய அசைவில்தான் வியாபாரத்தின் உயிர்நிலை இருக்கிறது. காஸெட் வந்து, டி-சீரிஸ் போன்ற கம்பெனிகள் மலிவு விலையில் அவற்றைக் குவித்த நாள்முதல், பாட்டுகளின் உரிமையைப் படம் வெளிவருமுன்பே விற்று, வந்த தொகையைத் தயாரிப்புச் செலவுக்கே பயன்படுத்திக்கொள்வது தயாரிப்பாளருக்குச் சாத்தியமாயிற்று. இன்றைக்கு ஆட்டத்தின் வீடியோ, படத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகவே யூடியூபில் வந்து கட்டியம் கூறுகிறது. அந்த டி-சீரிஸின் சேனல் 2019-ல் பத்துக் கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது என்றால், இந்தச் சந்தையின் பரப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் சரக்கு விலைபோகிறது என்பதற்காக அதன் சாரத்தை மறந்துவிடலாகாது. ‘ஹவ்ரா பிரிட்ஜ்’ (1958) படத்தில் ஆடிப் புகழ்பெற்ற ஹெலனுக்குக் கதையில் கிடைத்த இடம் சிறியதுதான். எனினும் அவருடைய சுறுசுறுப்பும் தாளக்கட்டும் இன்றைக்கும் கண்ணை இழுக்கின்றன. அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு, கதைக்குச் சம்பந்தமில்லாத ‘ஐட்டம்’ பாட்டில் பெண்ணின் அங்கங்களைக் காமிராவால் துண்டுதுண்டாக மேய்ந்து காட்டுவது, ஆடுகிறவரை அவமதிப்பது. ஜனங்கள் விரும்புவது இதுதான் என்று சொல்வது, ஜனங்களையும் அவமதிப்பது.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஃபிலிம்ஃபேர் பரிசுகள் 1954-ல் தொடங்கின. இசையமைப்பாளருக்கு அந்த முதல் வருஷமே பரிசு கிடைத்தது. நடனம் அமைப்பவருக்கென்று ஒரு பரிசு, ‘தேஸாப்’ படத்துக்காக ஸரோஜ் கானுக்கு வழங்கப்பட்ட 1989 வரையில் ஏற்படவே இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது. நடனம் அமைத்தவருக்கு அத்தகைய ஏற்பாட்டை அது செய்யவில்லை. பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் கவிஞருக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட தேசம், கண்ணைக் கவர்ந்து காசைக் கொண்டுவரும் ஆட்டத்தை அமைத்த மாஸ்டருக்கும், ஒத்திகைக் கூடத்தில் வியர்வை சிந்திப் பின்வரிசையில் ஆடியவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள இனியும் தாமதிப்பது தர்மமாகாது.