வெம்பாறையும் மின்சாரமும்: கீழ்க்கரையிலிருந்து ஒரு நோக்கு

வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பற்றிப் பேசுவோர் வைக்கோலைக் குறிப்பிடுவர். நீராவியைக் குறிப்பிடுதல் அரிது. ஆயின் கூழ் அவித்தற்கும் தாள் உலர்த்துதற்கும் வேண்டுவது வெப்பமே. நியூசிலாந்தின் கவரௌவில் 1950களிலேயே புவிவெப்ப நீராவி கடதாசித் தொழிலுக்குப் பயன்படலாயிற்று.

கவரௌ எரிமலைப் பிரதேசம். எமது நிலமோ தொன்மையான பளிங்குருப் பாறையாலானது. மகா ஓயாவிலும் கன்னியாவிலும் ஊறும் வெந்நீர் எரிமலையின் விளைவன்று. மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழ இறங்கிச் சூடேறி மீள்கின்றது. இராவணன் வாளூன்றக் கன்னியா ஊற்றெழுந்தது என்னும் ஐதிகமும் காரணந் தேடிய மனத்தின் வெளிப்பாடே, இகழத்தக்கதன்று.

இயற்கை இவ்வாறு செய்வதனை ஆழப்பாறையிற் செயற்கையாகச் செய்வித்தலே வெம்பாறை முறை. ஒரு துளையால் உயரழுத்த நீரைச் செலுத்திப் பிளவுகளை விரிப்பர். சூடேறிய நீர் மறுதுளையால் மேலெழும். அதன் வெப்பம் சுழலியை இயக்கும். 1970களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வாளர் இதனைப் பரீட்சிக்கத் தொடங்கினர். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 2006இல் நீர் செலுத்தியமை நிலநடுக்கத்தைத் தூண்டிற்று. 2009இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பெருஞ்செலவு துளையிடுதலுக்கே. அதுவும் முற்பணமாக வேண்டும். போதிய வெப்பமுண்டா என்பது துளைத்த பின்னரே உறுதியாகும். எனவே மூலதனம் அரசை நாடுதல் இயல்பு. நட்டத்தை மக்கள் சுமக்க, இலாபத்தைத் தனியார் கொள்ளும் ஒழுங்கை நாம் ஏற்பதற்கில்லை. மகா ஓயாவில் என்றேனும் துளையிடுவதாயின், அம்மின்சாரம் வாழைச்சேனை ஆலைக்கும் துறைமுக மீனவரின் ஐஸ் கட்டிக்கும் என்ன விலையிற் சேரும் என்பது துளையிடுமுன்னரே எழுத்தில் அமைதல் வேண்டும்.